துண்டுக்குள் பேசியது

இன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கோடை மழை பிடித்துக்கொண்டது. மாடிக்கு ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு படியிறங்கும்போது, உங்கள் பச்சைக் கட்டம் போட்ட துண்டிலிருந்து அந்த வாசனை எழுந்தது, மாமா. காய்ந்து கிடக்கும்போது அதில் சோப்பு வாசனை மட்டும்தான் இருக்கும். ஈரம் பட்டால் போதும், உப்பும் பச்சைத் தோலும் அதை விற்கும் மண்டியின் புழுக்கமும் கலந்து நூலுக்குள்ளிருந்து கிளம்பி வந்துவிடும். "எத்தினி தபாதான் இத்த துவைக்கிறது, ஒரே பேஜாரு!" என்று அத்தை அலுத்துக்கொண்டால், "துவைச்சா அழுக்குதான் போவும், தொழிலு போவுமா?" என்று கேட்பீர்கள்.

சோளிங்கரில் வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் உங்கள் ஆம்பூரைத் தாண்டும்போதெல்லாம் தோல் வாடைக்குப் பயந்து துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்வேன். இன்று படியில் நின்று அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன்.

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். துண்டு இன்னும் முழுசாகக் காயவில்லை. ஃபேனுக்கு நேராக நாற்காலியில் விரித்துப் போட்டிருக்கிறேன். கண் விழித்தால் முதலில் அதைத்தான் தேடுவாள். உங்கள் பேத்திக்கு நாலு வயது ஆகப்போகிறது, மாமா. இன்னும் பேச்சு வரவில்லை. இன்று காலை அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க அழைத்துப் போனேன். அங்கே நடந்ததை உங்கள் மகனிடம் போனில் பாதி சொன்னேன், அத்தையிடம் பாதி சொன்னேன். முழுசாகச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் தோல் பதனிடும் டேனரியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தீர்கள். மகன் தோல் பக்கமே வராமல் பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். "அவனுக்கு அவங்கம்மா மூக்கு. தோலுக்கு ஆவாது" என்று சிரித்தீர்கள், அவ்வளவுதான். தொழிலை விட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பாவே ரிட்டயர் ஆன பிறகு நாள் முழுக்க டி.வி.யோடு சண்டை போடுவார். நீங்கள் சும்மா இருந்த அழகே வேறு. காய்கறிக் கடையில் ஒவ்வொரு கத்திரிக்காயையும் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்ப்பீர்கள். "பெரியவரே, இது கத்திரிக்கா, ஆட்டுத்தோல் இல்ல" என்று கடைக்காரர் கிண்டல் செய்தால், "மேல்தோல் நல்லா இருந்தாத்தான்யா உள்ள பூச்சி இருக்காது" என்று பதில் சொல்லிக்கொண்டே இன்னொன்றைத் தடவுவீர்கள்.

கல்யாண வீடுகளில் நீங்கள் யார் முகத்தையும் முதலில் பார்த்ததில்லை, காலைத்தான் பார்ப்பீர்கள். ஒருமுறை ரிசப்ஷன் மேடையைக் காட்டி என் காதில் சொன்னீர்கள்: "மாப்பிள்ளைக்கு ஷூ கடிக்குதும்மா. சிரிக்கிற மாரி இருக்கும், நல்லாப் பாரு." பார்த்தேன். கடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊர் ஊராக ஷூவுக்குத் தோல் அனுப்பியவர், சாகும்வரை ரப்பர் செருப்புதான் போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஆட்டாலயும் மாட்டாலயும்தான் சோறு தின்னேன். காலையும் அதுங்க மேலயே வெக்கணுமா?" என்றீர்கள்.

ஒருநாள் நான் கேட்டேன், "இத்தனை வருஷ வியாபாரத்துல பெரிய சாதனை எது மாமா?" முதல் வெளிநாட்டு ஆர்டர், புது மெஷின் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். நீங்களோ, "மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்ட்டேன்" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. "எவ்ளோ வேலை இருந்தாலும் வந்துடுவேன். லோடு நிக்கட்டும், பார்ட்டி காத்திருக்கட்டும். உங்கத்தையும் நானும் எதிரும் புதிருமா உக்காந்து சாப்புடுவோம். சண்டையும் அப்பத்தான் போடுவோம்." பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "என்கிட்ட வேலை செஞ்சவங்க என்னைத் தெருவுல பார்த்தா எதிர்ப்பக்கம் ஒதுங்கறதில்லம்மா. அதையும் சேத்துக்கோ" என்றீர்கள். அதற்குமேல் பெருமையாக எதுவும் நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலமானால் உங்கள் சிநேகிதர் பாய் மாமாவின் மொபெட் சத்தம் கேட்கும். பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டீ. சின்ன வயதில் தோல் சந்தையில் எதிரெதிரே நின்று பேரம் பேசிப் பழகியவர்கள் நீங்கள் இருவரும். ஊரில் எல்லோரும் கூட்டு சேர்ந்து தொழில் செய்தபோதும் நீங்கள் இருவரும் சேரவேயில்லை. "பார்ட்னர் ஆயிருந்தா எப்பவோ தோஸ்த்தைத் தொலைச்சிருப்பேன்" என்பார் பாய் மாமா. "நீங்க எங்க தொலைக்கிறது, பாய்? தொலைஞ்சாலும் டீ நேரத்துக்கு வந்துடுவீங்களே" என்பீர்கள் நீங்கள்.

வெள்ளிக்கிழமை நம் வீட்டில் கவிச்சி கிடையாது. பாய் மாமாவுக்கோ தொழுகை முடிந்ததும் கத்திரிக்காய்த் தொக்கோடு பிரியாணி சாப்பிட்டாக வேண்டும், அதுவும் துணையோடு. நீங்கள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை வாசலில் நிற்பார்.

"கையக் காட்டுங்க."

"நான் கத்திரிக்கா மட்டும்தான் தொட்டுக்கினேன்."

"கத்திரிக்காய எதுக்குத் தொட்டுக்கினீங்க?"

நீங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக, மொபெட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும் பாய் மாமா அத்தையிடம், "பாபி, எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்திக்கொண்டே போய்விடுவார்.

துண்டின் கதையை நீங்கள் எனக்குச் சொன்னதும் அந்தப் பால்கனியில்தான். அப்போது பாப்பா என் வயிற்றில் இருந்தாள். பேன்ட் சட்டை போட்டாலும் தோளில் துண்டு எதற்கு என்று கேட்டேன். நீங்கள் பாய் மாமாவைப் பார்த்தீர்கள். அவர் கையை நீட்டினார். நீங்கள் உங்கள் கையைக் கொடுத்து, இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டீர்கள். இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. துண்டு மட்டும், உள்ளே பூனைக்குட்டி இருப்பதுபோல அசைந்தது. அந்தக் காலத்தில் சந்தையில் தோல் விலை பேசியது இப்படித்தான் என்றீர்கள். விரலைப் பிடித்தால் விலை. அழுத்தினால் சம்மதம். உள்ளங்கையைச் சுரண்டினால் வேண்டாம்.

"எதுக்கு மாமா இப்படிச் சுத்தி வளைக்கணும்? வாயால சொல்லிட்டா முடிஞ்சுது" என்றேன்.

"வாயால சொன்னா சுத்தி நிக்கிறவனுக்கும் சேத்து சொன்ன மாரி பூடும்மா. ஒருத்தன் ஆசையா ஒரு விலை கேக்கிறான். நாலு பேரு முன்னாடி நீ வேணாம்னா அவன் மூஞ்சி செத்துடும். துண்டுக்குள்ள வேணாம்னா அது ரெண்டு கைக்குத்தான் தெரியும். வெளிய வந்து ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே போவலாம். ஆனா ஒண்ணு, உள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்டகூட."

"ஆமா, உங்க ஆட்டுத்தோல் விலை தெரிஞ்சிக்கினு நான் இன்னா கோட்டையா கட்டப்போறேன்!" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

நீங்கள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு பாய் மாமா குரலைத் தாழ்த்தினார். கழிவுநீர் பிரச்சினையில் டேனரிகள் ஒவ்வொன்றாக மூடிய சமயம். அவரும் மனசு விட்டுப்போய்த் தன் டேனரியை விற்க முடிவு செய்து, முதலில் உங்களிடம் கேட்டாராம். மண்டியில் தரகர்கள் சுற்றி நிற்க, நீங்கள் துண்டைப் போட்டீர்களாம்.

"உள்ள இன்னா பேசினோம்னு சொல்ல மாட்டேன்மா. அது தப்பு. உங்க மாமா என் கையை விடவே இல்ல. வாங்கி வெச்ச டீ ஆறிப்போச்சு. நின்னுக்கினு இருந்தவன்லாம் சலிச்சுப்போய் உக்காந்துட்டான். வெளிய கையை எடுத்தப்போ, விலை ஒத்து வரலன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. எல்லாரும் நம்பிட்டாங்க. நான் டேனரியை விக்கல. என் பசங்க இன்னிக்கு அதுலதான் சாப்புடுறாங்க." கண்ணைத் துடைக்காமல், தொப்பியைச் சரி செய்வதுபோலக் கையை மேலே கொண்டுபோனார்.

பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்தபோது, ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வந்தீர்கள். வலது கையும் பேச்சும் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல், 'சரி'. தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. உங்களையும் மீறி வாயிலிருந்து அதுதான் வந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "பாவம், ஒண்ணும் புரியல அவருக்கு" என்று பேசினார்கள். அப்போதெல்லாம் நீங்கள் மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வதை நான் பார்த்தேன். புரியாதவர் ஏன் திரும்ப வேண்டும் என்று மனசுக்குள் ஓடும். ஆனால் நிரூபிக்க வழி தெரியவில்லை.

அத்தை உப்புமா கொண்டுவந்து, "போதுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலை. நீங்கள் "சரி சரி" என்று சொல்லச் சொல்ல, அத்தை இன்னும் ஒரு கரண்டி வைத்தார். மொபெட் சத்தம் கேட்டது. பாய் மாமா வந்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், உங்கள் இடது கையை எடுத்தார், தலைமாட்டில் இருந்த துண்டை இரண்டு கைகள் மேலும் போட்டார். மறைத்துப் பேச அங்கே யாரும் போட்டிக்காரர்கள் இல்லை. ஆனாலும் துண்டு போடாமல் உங்களோடு கை பேச அவருக்குத் தெரியாது.

"இன்னா தோஸ்த், எடது கையில எல்லாம் யாவாரம் பண்ண வெச்சிட்டியே" என்றார். பிறகு ஏதோ மெதுவாகக் கேட்டார். துண்டு அசைந்தது. அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார்.

"பாபி, துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாதுதான். ஆனா இது உப்புமா மேட்டரு. வேணாமாம்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே வேணாமாம்!"

அத்தை கரண்டியோடு நின்றார். உங்கள் உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. "இம்மாம் நாளா புரிஞ்சிக்கினேதான் படுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை அழுதார். அன்றிலிருந்து உங்கள் முன்னால் யாரும் உங்களைப் பற்றி 'அவர்' என்று பேசவில்லை. சில நாள் கழித்து நான் அறைக்குள் வந்தபோது அத்தையின் கை துண்டுக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "மாத்திரை வேணுமான்னு கேட்டேன்" என்றார். மாத்திரை கேட்க அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியாதா, மாமா?

அதே வருஷம்தான் பாப்பாவைப் பற்றிய கவலை எனக்குள் பெரிதானது. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வது புரிகிறது, பேச்சு தாமதமாகிறது, பயிற்சி கொடுங்கள், பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் போதவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் ஜாஸ்தியானது. பக்கத்து வீட்டுக் குழந்தை 'அக்கா' என்றால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பாப்பா எதைச் சுட்டினாலும் அது என்ன, ஏன், இப்போது என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாத நிமிஷமெல்லாம் என் தப்பு என்று தோன்றும்.

அவள் ஒரு நாளில் பாதி நேரம் உங்கள் கட்டிலில்தான் கிடந்தாள். "பேச்சு வராத மனுஷர் பக்கத்துல விடாதடி, புள்ளைக்கும் பேச்சு வராது" என்று என் அம்மா போனில் சொன்னாள். நான் தடுக்கவில்லை. தடுக்க மனசு வரவில்லை என்பது ஒன்று. தடுத்தாலும் அவள் நிற்க மாட்டாள் என்பது இன்னொன்று. பாய் மாமா செய்வதைப் பார்த்துப் பார்த்து, துண்டை இழுத்து உங்கள் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்துக்கொள்வாள். பிறகு நெடு நேரம் சத்தமிருக்காது. திடீரென்று இருவரும் சிரிப்பீர்கள். சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்ன? என்ன சொன்னா?" என்று கேட்பேன். நீங்கள் "சரி சரி" என்பீர்கள். அவள் துண்டை இன்னும் இறுக்கி மூடுவாள். உங்கள் இருவருக்கும் இடையில் எத்தனை வியாபாரம் முடிந்தது, என்ன விலைக்கு முடிந்தது, எனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஐப்பசியில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். சேதி கேட்டதும் விடியற்காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு பாய் மாமா வந்தார். உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உங்கள் கையைப் பிடித்து, இரண்டு கைகள் மேலும் துண்டைப் போட்டார். கூடம் முழுக்க ஆட்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கையை எடுத்தபோது நாட்றம்பள்ளிச் சித்தப்பா, "இன்னா பாய் பேசினீங்க?" என்று கேட்டார்.

"துண்டுக்குள்ள பேசினது, சார்" என்றார் பாய் மாமா. துண்டை உதறி, அழகாக மடித்து, என் இடுப்பில் இருந்த பாப்பாவிடம் கொடுத்தார்.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

இதற்கு முன் ஒரு பள்ளியில், "பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று போனது அடுத்த பள்ளி. இங்கேயும் இல்லை என்றால் இந்த வருஷமும் அவள் ஜன்னல் வழியாக ஸ்கூல் வேனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. எங்களுக்கு முன்னால் போன பையன் வண்ணங்களின் பெயரை எல்லாம் ஒப்பித்துவிட்டு, கேட்காத பாட்டையும் பாடிவிட்டு வந்தான். அவன் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். எனக்குத்தான் அது சுட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸ். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அறையில் இன்னும் இரண்டு டீச்சர்கள், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பெற்றோர்.

"குட்டிம்மா பேர் என்ன?" என்றார் மிஸ்.

பாப்பா என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"சொல்லுடா கண்ணு. மிஸ் கேக்கிறாங்க பாரு. சொல்லு" என்றேன். சொல்ல முடியாது என்று தெரிந்தும் எதற்குச் சொன்னேனோ. அவளுடைய காது மடல் சிவந்தது. நாலு பேர் முன்னாடி, என்று உங்கள் குரல் எனக்குள் கேட்டது, மாமா. அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன். மிஸ்ஸைப் பார்த்து, "இவளுக்குப் பேச்சு இன்னும் வரல மிஸ். நீங்க சொல்றது எல்லாம் புரியும்" என்றேன்.

மிஸ் காகிதத்தில் எதையோ பார்த்தார். இரண்டு டீச்சர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்துவிடலாம் என்று நான் பையை எடுத்தேன். பாப்பா பைக்குள் கையை விட்டுத் துண்டை உருவினாள். நடந்துபோய் மிஸ்ஸின் பக்கத்தில் நின்று, தன் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அந்தக் கையை நீட்டினாள்.

"இது என்ன மேடம்?"

சொன்னேன். தாத்தா தோல் வியாபாரி என்றும், அழுத்தினால் சரி, சுரண்டினால் வேண்டாம் என்றும். ஆம்பூரில் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்க தாத்தாவும் மண்டியிலதான் இருந்தாரு" என்று சொல்லிக்கொண்டே மிஸ் நாற்காலியைப் பாப்பா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டுக்குள் கையை விட்டார். குனிந்து அவள் காதில் ஏதோ கேட்டார்.

துண்டு அசைந்தது.

பார்க்க வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அழுத்தினாளா, சுரண்டினாளா? என்னை அறியாமல் முன்னால் சாய்ந்தேன். பாப்பா மிஸ் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, இன்னொரு கையால் என்னைத் தள்ளிவிட்டாள். உங்கள் கட்டிலில் கிடந்தபோது தள்ளுவாளே, அதேபோல. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டேன். வெளியே நிற்பது எப்படி என்று அந்த நேரத்தில்தான் கற்றுக்கொண்டேன். மிஸ் மறுபடி கேட்டார். மறுபடி அசைந்தது. பிறகு இருவரும் சிரித்தார்கள்.

"என்ன மிஸ் சொன்னா?"

"ஜூன்ல கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் மிஸ். "இந்தத் துண்டையும் மறக்காம கொடுத்தனுப்புங்க."

ஆட்டோவில் வரும்போது கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பாப்பா துண்டின் முனையால் என் முகத்தைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அதன்மேலேயே பாலைக் கொட்டினாள். அலசிப் போட்ட துண்டுதான் மழையில் மாட்டிக்கொண்டது.

மழை விட்டதும் பாய் மாமா வந்தார். இப்போதும் சாயங்காலமானால் வருகிறார். உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். நான் முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கையக் குடுத்தாளா?"

"குடுத்தா, பாய் மாமா."

"அப்ப முடிஞ்சுது. மத்தது நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். உள்ளேயிருந்து அத்தை, "தாத்தா மாரியே வாயத் தொறக்காம யாவாரத்த முடிச்சிட்டு வந்துட்டா!" என்றார். உங்களைப் பற்றி அத்தை சிரித்துக்கொண்டே பேசி இத்தனை மாதத்தில் இன்றுதான் கேட்டேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், மாமா. போகவில்லை. பேச்சு எப்போது வரும், வருமா, வந்தாலும் எவ்வளவு வரும், எதுவும் தெரியாது. நாளைக்கும் போனில் தேடிப் படிப்பேன். ஆனால் அவள் சொல்வது எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை இன்று அந்த அறையில் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் ஒரு 'வேண்டாம்' சொல்லக்கூடத் துண்டு போட்டவர். சிநேகிதருக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று, ஒரு டீ ஆறும்வரை கையை விடாமல் நின்றவர். அந்தத் துண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. அது போதுமா என்று தெரியாது, இருக்கிறது.

தூங்குவதற்கு முன்னால் பாப்பா ஈரத் துண்டை இழுத்து என் கைமேல் போட்டாள். "தாத்தாவுக்கு எழுதப்போறேன், நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன். உள்ளே அவளுடைய சின்ன விரல்கள் வெகு நேரம் என் உள்ளங்கையில் இருந்தன. எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதை மட்டும் உங்களுக்கு எழுத மாட்டேன், மாமா. துண்டுக்குள் பேசியது.